கருவில் வந்த உயிர் யாருடையது?

இல்லறத்தாருக்குரிய அறங்களை நம் ஆன்றோர் விரிவாக வகுத்துத் தந்துள்ளனர். அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு எனச் சிராவக நெறி பன்னிரண்டாக விரிவதை நாம் இளமையிலேயே கேட்டறிந்திருக்கிறோம். ஆயினும் அந்த இல்லறத்தின் நடுவே, வயிற்றில் ஓர் உயிரைச் சுமந்துகொண்டு, விடியலில் நீர் வடிகட்டி, அடுப்பை மூட்டி, பகலெல்லாம் வீட்டு வேலையோ அலுவலக வேலையோ பார்த்து, இரவில் உறக்கம் வராமல் புரண்டு படுத்திருக்கும் ஒரு பெண்ணின் மனத்தில் ஓடும் எண்ணங்களை நாம் அறத்துக்குரிய பொருளாகக் கருதுவதில்லை. ‘மசக்கைக்காரியின் நினைப்பு’ என்று சிரித்து ஒதுக்கிவிடுகிறோம்.

அவ்வெண்ணங்கள் சிறியவைதாம். குழந்தை யாரைப் போல இருக்கும்? பேறுகாலத்துக்கு அம்மா எப்போது வந்து அழைத்துச் செல்வாள்? முழங்கால் வலியோடு மாமியார் எத்தனை நாள் தனியாக அடுப்படியைப் பார்த்துக்கொள்வார்? மீண்டும் வேலைக்குப் போக முடியுமா? எல்லோரும் ஆண் குழந்தை என்றே பேசுகிறார்களே, பெண்ணாக இருந்தால் முகம் சுளிப்பார்களோ? நேற்று மாலையிலிருந்து ஏன் அசைவே தெரியவில்லை? இதற்கு ஏதேனும் ஆகிவிட்டால் நான் என்ன ஆவேன்?

இக்கேள்விகளை வரிசையாக வைத்து நோக்கினால் அவற்றின் அடியில் ஒரே கேள்வி கிடப்பதைக் காணலாம். கருவில் வந்திருக்கும் உயிர் யாருடையது என்பதே அது. பற்றே பிறவிக்கு வித்து என்பது நம் சமயத்தின் முடிபு. அங்ஙனமாயின், கண்ணாலும் காணாத ஓர் உயிரின்மீது தாய் கொள்ளும் இந்த அன்பு வினையைக் கட்டும் பற்றா, அன்றி அறமா? இதனைச் சற்றே ஆராய்வோம்.

தாய் என்னும் நிமித்தம்

ஒரு காரியம் நிகழ உபாதான காரணம், நிமித்த காரணம் என இரண்டு வேண்டும் என்பது நம் தத்துவம். குடத்துக்கு மண் உபாதானம், குயவன் நிமித்தம். கருவில் வரும் உயிரைத் தாய் படைப்பதில்லை, தந்தையும் படைப்பதில்லை. அவ்வுயிர் அநாதியானது. தன் ஆயுள்வினை, நாமவினை, கோத்திரவினை முதலியவற்றைத் தானே சுமந்து வந்து, அவ்வினைகளுக்கேற்ற உடலை இங்கே எடுத்துக்கொள்கிறது. தாயும் தந்தையும் அதற்கு நிமித்தங்கள்.

இதனைக் கேட்டவுடன் ஒரு தாயின் மனம் சுருங்கக்கூடும். ‘என் இரத்தத்தில் வளரும் குழந்தைக்கு நான் வெறும் நிமித்தம்தானா?’ என அவள் வினவலாம். ஆனால் அவள் உடலே அவளுக்கு இவ்வுண்மையை உணர்த்தும் நாள் ஒன்று வருகிறது. முதற்பேற்றில் ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில், அவள் அசையாமல் படுத்திருக்கும்போது அவளுக்குள் ஒன்று தானாக அசைகிறது. அவள் ஏவவில்லை, தடுக்கவும் இயலாது. அவள் உறங்கும்போது அது விழிக்கிறது. அவள் விழித்திருக்கும்போது உறங்குகிறது. பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் அந்நியத்துவம் என்பது, தன்னின் வேறானதை வேறாகவே அறிந்து சிந்தித்தல். துறவியர் காட்டில் அமர்ந்து பழகும் அச்சிந்தனையைக் கருவுற்றவள் தன் படுக்கையிலேயே பெறுகிறாள். அவள் உடலுக்குள் இருந்தும் அவளாகாத ஓர் உயிர் அங்கே இருக்கிறது.

இன்றைய உடலியல் அறிவும் நம்மை வியக்கவைக்கும் ஒரு செய்தியைக் கூறுகிறது. ஒரு பெண் கரு 20 வார வளர்ச்சியை எட்டும்போது அதன் சினைப்பைகளில் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் முட்டைச் செல்கள் உருவாகியிருக்கும். பின்னர் அவை குறையுமேயன்றிப் பெருகுவதில்லை. அதாவது, இன்று கருவுற்றிருப்பவள் எந்த முட்டைச் செல்லிலிருந்து உருவானாளோ, அது அவள் தாய் தன் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே தோன்றிவிட்டது. இத்தனை நீண்ட தொடரில் ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு ‘இது என் உடைமை’ என்று எந்தத் தலைமுறை சொல்ல இயலும்?

உடைமை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இல்லறத்தான் அளவு வகுத்துக்கொள்ள வேண்டிய புறப்பொருள்களை நம் நூல்கள் பத்தாக எண்ணுகின்றன. நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிப்பெண்டிர், பணியாளர், ஆடை, பாண்டம் என்பன அவை. பணியாளரையும் உடைமையாக எண்ணிய அக்காலத்து வரிசையிலும் மகவு இடம்பெறவில்லை. ஆனால் அகப்பற்று பதினான்கு என எண்ணும்போது, வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் ஆகியவற்றோடு அச்சமும் துயரமும் அங்கே இடம்பெறுகின்றன. நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய இடம் இது. குழந்தை பரிக்கிரகமன்று, குழந்தையைச் சுற்றி நாம் வளர்க்கும் அச்சமே பரிக்கிரகம்.

அச்சம் அன்பின் வேடத்தில் வரும்

அச்சம் அன்பின் வேடம் பூண்டு வந்தால் என்ன நேரும் என்பதை யசோதர காவியத்தைப் போல விளங்கச் சொல்லும் நூல் வேறில்லை. மகன் கண்ட தீக்கனவைக் கேட்டு அஞ்சினாள் சந்திரமதி. மகனுக்குத் தீங்கு நேரக்கூடாது என்ற ஒரே நினைவால் தெய்வத்துக்கு உயிர்ப்பலி இடுமாறு வற்புறுத்தினாள். உயிர்க்கொலைக்கு யசோதரன் இசையவில்லை. முடிவில் மாவினால் கோழி செய்து பலியிட்டனர். உயிரில்லாத மாக்கோழிதான்; ஆயினும் கொல்லும் எண்ணம் அங்கே இருந்தது. அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர்.

அக்கதையின் முடிவு கருவுற்ற இல்லங்கள் நினைவில் வைக்கத்தக்கது. பல பிறவிகளுக்குப் பின் அவ்விருவரும் அபயருசி, அபயமதி என்னும் இரட்டைப் பிள்ளைகளாக ஒரே கருவில் வந்தனர். அதுவும் யசோதரனுடைய மகன் யசோமதியின் மக்களாக வந்தனர். முன்பு தாயாக இருந்தவள் இப்போது தங்கை. முன்பு தந்தையாக இருந்தவன் இப்போது தன் மகனுக்கே மகன். உறவுப் பெயர்கள் இவ்வாறு மாறிக்கொண்டே இருக்க, ‘என் மகன்’, ‘என் வாரிசு’ என்று நாம் இறுகப் பிடித்துக்கொள்வது எதனை?

நம் காலத்தில் எவரும் மாக்கோழி செய்வதில்லை. ஆனால் அச்சமும் ஆசையும் சேர்ந்து கேட்கும் பலி வேறு வடிவில் நம் நாட்டில் நடந்திருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என அறிந்து பெண்ணாயின் அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-ல் சட்டம் இயற்றப்பட்டது. 1996 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2003-ல் திருத்தி வலுப்படுத்தப்பட்டது. இயற்கையில் 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறப்பர். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 927 பெண்களே நாடு முழுவதிலும் இருந்தனர். அதே கணக்கெடுப்பில் இந்திய ஜைனர்களிடையே அந்த எண்ணிக்கை 870. பத்தாண்டுகளுக்குப் பின் 2011-ல் அது 889.

இவை அனைத்திந்திய ஜைன சமூகத்துக்கான எண்கள். தமிழ்ச் சமணருக்கென்று தனியாக எடுத்தவை அல்ல. ஆயினும் நாம் ஆறுதல் கொள்வதற்கு அது காரணமாகாது. நீரை வடிகட்டிக் கண்ணுக்குப் புலப்படாத உயிரையும் காக்கும் சமயத்தினர் நாம். 2001 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 94 பேர் எழுத்தறிவு பெற்றுச் சமயப் பிரிவுகளில் முதலிடத்தில் நின்றதும் ஜைன சமூகமே. வடிகட்டும் துணியில் காட்டும் கவனத்தைக் கருவறையில் இருக்கும் ஐம்பொறி உயிரிடத்தில் காட்டவில்லையெனில், நம் அஹிம்சைக்குப் பொருள் என்ன? ஆண் பெண் வேறுபாட்டை முடிவுசெய்வது தந்தையிடமிருந்து வரும் குரோமோசோம் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. இருந்தும் ‘பேரன் பெற்றுக் கொடு’ என்று மருமகளிடம் கேட்கிறோம். சட்டத்தை மீறாத வீட்டிலும் இந்தச் சொல் நாள்தோறும் அவள் காதில் விழுகிறது. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் இம்சை நிகழும் என்று நாம் கற்றதில், மொழியால் நிகழும் இம்சைக்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நான்கு கிரியைகள்

அங்ஙனமாயின் பற்றில்லாத அன்பு எப்படி இருக்கும்? இதற்கு விடை தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் இயற்றிய ஆதிபுராணம், உயிர் கருவில் வருவது முதல் முத்தி வரை 53 கிரியைகளைக் கூறுகிறது. முதலாவது ஆதானம் என்னும் கருவேற்பு. அதன்பின் கருக்காலத்துக்கு உரியவையாக நான்கு வருகின்றன. மூன்றாம் மாதத்தில் பிரீதி. ஐந்தாம் மாதத்தில் சுப்பிரீதி. ஏழாம் மாதத்தில் திருதி. ஒன்பதாம் மாதத்தில் மோதம். இச்சொற்களின் பொருளை நோக்குக: அன்பு, பேரன்பு, உறுதி, மகிழ்ச்சி. நான்கும் மனநிலைகளின் பெயர்கள். ஆசை என்றொரு கிரியை இல்லை. அச்சம் என்றும் ஒன்றில்லை. வினைவழி வந்த உயிர் என்று கற்பித்த அதே ஆசாரியரே அதனை அன்போடும் மகிழ்ச்சியோடும் வரவேற்கச் சொன்னார் எனில், அன்பும் பற்றும் ஒன்றல்ல என்பது தெளிவாகிறது.

இந்நான்கையும் சடங்காக மட்டும் கொள்ளாமல், வீடு தாய்க்குச் செய்யவேண்டிய கடமைகளின் பெயர்களாகவும் கொள்ளலாம் என்பது நம் எண்ணம்.

மூன்றாம் மாதம் குமட்டலின் காலம். கடுகு தாளிக்கும் மணமே அவளை அடுப்படியிலிருந்து விரட்டும். வயிறு வெளியே தெரியாததால் வீட்டார் அவளை நோயாளியாகவும் எண்ணார், கருவுற்றவளாகவும் நடத்தார். அப்போது வேண்டுவது பிரீதி: சொல்லாமலே அறிந்து அடுப்படிப் பொறுப்பைப் பிறர் ஏற்றல். ஐந்தாம் மாதத்தில் அசைவு தெரியும், அவள் மகிழ்வாள், அசைவு குறைந்தால் கலங்குவாள். அக்கலக்கத்தைக் கேலி செய்யாமல் காதுகொடுத்துக் கேட்பதும், ஐயம் இருந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் சுப்பிரீதி. ஏழாம் மாத அளவில் கருவுக்குச் செவிப்புலன் செயல்படத் தொடங்கிவிடுகிறது. தாயின் குரல் அதற்குக் கேட்கும். தாயின் குரல் மட்டுமன்று, வீட்டின் கூச்சலும் சண்டையும்கூட அதன் செவிக்கு எட்டலாம். அங்கே வேண்டுவது திருதி, அதாவது வீடு முழுவதும் நிதானமாயிருத்தல். மருதேவியார் கருவுற்றிருந்த காலத்தில் தேவமகளிர் அவரிடம் விடுகதைகள் கேட்டும் இனிய உரையாடல் நிகழ்த்தியும் மகிழ்வித்ததாக ஆதிபுராணம் வருணிக்கிறது. பணிவிடையோடு நில்லாமல் அன்னையின் அறிவுக்கும் மனத்துக்கும் துணையாயிருந்தனர் என்பது கருதத்தக்கது.

ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் நம் இல்லங்களிலும் வளைகாப்பு நிகழ்கிறது. கலவைச் சோறு, கண்ணாடி வளையல், சந்தனம், சிரிப்பு என எல்லாம் அழகானவை. ஆனால் அக்கூடத்தின் ஓரத்தில், கணவனை இழந்த ஒரு சகோதரியும் குழந்தைப்பேறு வாய்க்காத ஒரு நாத்தனாரும் வளையல் இடும் வரிசைக்கு அழைக்கப்படாமல் நின்றால், அங்கே மோதம் என்னும் மகிழ்ச்சி குறைபட்டுவிடுகிறது. அவர்கள் கைபட்டால் கருவுக்குத் தீங்கு வரும் என்பது நம் வினைக்கொள்கைக்கு முற்றிலும் முரண். ஒருவர் வினை மற்றொருவர் கை வழியாகத் தாவுவதில்லை. அவர்களையும் முன்வரிசைக்கு அழைக்கும் வீடே தத்துவத்தைக் கற்ற வீடு.

குழந்தை பிறந்தபின் நாவில் சேனை வைக்கும் வழக்கம் குறித்தும் இங்கே ஒரு சொல். தேன் உண்ணாமை நம் மூலகுணங்களுள் ஒன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரலாகாது என்று மருத்துவமும் எச்சரிக்கிறது. அரிதாயினும் கொடிய நச்சுநோய் அதனால் வரக்கூடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பதும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. இங்கே மூலகுணமும் மருத்துவமும் ஒரே வழியைக் காட்டுகின்றன.

அவளை எழுப்பாதிருத்தல்

துறவியர் ஆகாரம் ஏற்கும் நெறியில் கருவுற்றவளைக் குறித்து ஒரு விதி உண்டு. சுவேதாம்பர மரபினரின் தசவைகாலிக சூத்திரம் அதனை நுட்பமாகக் கூறுகிறது. பிட்சை இடுவதற்காக நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி அமர்ந்த இடத்திலிருந்து எழுந்தாலோ, நின்றவள் அமர்ந்தாலோ, துறவி அப்பிட்சையை ஏற்கலாகாது. அவளுக்கெனச் சமைத்த உணவை அவள் உண்டு மிஞ்சினாலன்றி ஏற்கலாகாது. நம் திகம்பர மரபின் மூலாசாரமும், ஆகாரம் அளித்தற்கு உரியரல்லாதார் வரிசையில் மிக இளையோர், மிக முதியோர் முதலியவர்களோடு கருவுற்றவளையும் சேர்த்துள்ளது.

பசியோடு வாயிலில் நிற்கும் துறவி, அவள் ஒருமுறை எழுந்து அமரும் வருத்தத்துக்கும் காரணமாகலாகாது என்று திரும்பிச் செல்கிறார். நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் நாமோ ‘ஒரு டம்ளர் காபி’ என்றும் ‘அந்தக் கண்ணாடியை எடு’ என்றும் அவளை நாளெல்லாம் எழுப்புகிறோம். இதற்கு மேல் நாம் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

உணவு முறையையும் எண்ணிப்பார்ப்போம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது நம் குலவொழுக்கம்; பெருமைக்குரியது. ஆனால் மாலை வேளையில் முதியோர்க்கும் ஆடவர்க்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறி முடித்துக் கடைசியில் அமர்பவள் மருமகள். வெளிச்சம் மங்கும் வேளையில் பானையின் அடியில் இருப்பதை இரண்டு வாய் உண்டு எழுகிறாள். அலுவலகம் செல்பவளாயின் வீடு திரும்புமுன் பொழுதே சாய்ந்துவிடுகிறது. அன்றிரவு வெறும் வயிறு. வீடு முழுவதும் விரதம் காத்த புண்ணியத்தை அடைய, விலையை ஒருத்தி செலுத்துகிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இந்நிலையில் அந்த வெறும் வயிறு சிறு பொருளன்று.

இதற்காக ஒழுக்கத்தைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வரிசையை மாற்றினால் போதும். மாலையில் முதல் இலை அவளுக்கு இடப்படட்டும். அலுவலகம் செல்பவளுக்குப் பகலுணவோடு மாலையுணவும் கட்டிக்கொடுக்கப்படட்டும். கீரை, பயறு, எள், பால் முதலியவை அவள் தட்டில் முதலில் விழட்டும். இரும்புச்சத்து மாத்திரையை நாள்தோறும் நினைவூட்டும் பொறுப்பைக் கணவர் ஏற்கட்டும். பால், தயிர் தவிர வேறு வழியில் பி12 உயிர்ச்சத்து பெறாத நம் போன்ற மரக்கறி உணவினர் அது குறித்தும் மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். அதன் பின்னும் மருத்துவர் இரவில் உணவோ மருந்தோ கொள்ளுமாறு கூறினால் அதனைக் குற்றவுணர்வின்றி ஏற்க வீட்டார் துணைநிற்க வேண்டும். தசலட்சணப் பருவத்தில் உபவாசம் இருக்க இயலவில்லையே என்று வருந்துபவளுக்கும் இதுவே விடை. தீர்த்தங்கர நாமவினைக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தவம் என்று வாளா கூறாமல், ‘சக்திக்கேற்ற தவம்’ என்றே தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. இரண்டு உயிர்களுக்கு உண்பவளின் சக்தி இன்னதென்று அவளும் அவள் மருத்துவருமே அறிவர். அண்டை வீட்டார் அறியார்.

2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் முதல் இரு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு அளிக்கச் சட்டம் வகை செய்தது. அரசு அளித்த இவ்விடுப்பில் வீடு எத்தனை நாள் அளிக்கிறது என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம்.

பேறு வாய்க்காதபோது

இன்பமான செய்திகளோடு மட்டும் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது. உறுதிசெய்யப்பட்ட கருக்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இடையிலேயே கலைந்துவிடுகின்றன. தொடக்க மாதங்களில் நேரும் இழப்புகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம் அமைப்பில் நேர்ந்த குறைபாடு. அவள் படியேறியதோ, பேருந்தில் சென்றதோ, பப்பாளித் துண்டைத் தொட்டதோ அதற்குக் காரணமல்ல. ஆயினும் அத்தகைய நாளில் வீட்டில் முதலில் எழும் சொல் ‘நீ என்ன செய்தாய்?’ என்பதே.

அவ்வுயிருக்கு ஆயுள்வினை அவ்வளவே எனக் கூறும் தத்துவம் இங்கேதான் தாய்க்குப் பெருந்துணையாகிறது. தாய் நிமித்தம் மட்டுமே என்ற கருத்து, குழந்தை நலமாக இருக்கும்போது அவள் செருக்கைக் குறைக்கும். இழந்தபோது அவள்மீது சுமத்தப்படும் பழியைத் துடைக்கும். ஆனால் இதே தத்துவத்தை வீட்டார் தம் கடமையைத் தட்டிக்கழிக்கப் பயன்படுத்தலாகாது. ‘எல்லாம் வினைப்படி’ என்று சொல்லி மருத்துவப் பரிசோதனையை ஒத்திப்போடுபவர், நிமித்தமும் ஒரு காரணமே என்பதை மறந்தவர். குயவன் மண்ணைப் படைக்கவில்லை என்பதற்காகச் சக்கரத்தைக் கவனியாமல் விட்டால் குடம் உருவாகுமா? வினைக்கொள்கை, நிகழ்ந்ததை ஏற்கும் ஆற்றலைத் தாய்க்குத் தரவேண்டும். நிகழவேண்டியதைச் செய்யாதிருக்கும் சாக்கைப் பிறருக்குத் தரலாகாது.

விசயையின் கைகள்

பற்றற்ற தாயன்பு என்பது ஏட்டில் மட்டும் உள்ளதோ என ஐயுறுவோர் சீவகசிந்தாமணியின் தொடக்கத்தை நினைவுகொள்க. கட்டியங்காரன் சூழ்ச்சியால் நாடிழந்து, மயிற்பொறியில் ஏறிப் பறந்து, சுடுகாட்டில் இறங்கி, அங்கேயே மகனைப் பெற்றாள் விசயை. அந்த இருளில் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு அக்குழந்தை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியிருந்தால் எவரும் குறை கூறார். அவளோ, தன்னிடம் இருந்தால் குழந்தைக்கு உய்வில்லை என உணர்ந்து, தன் இறந்த மகவை எடுத்துவந்த வணிகன் கந்துக்கடன் அவனைக் கண்டெடுக்குமாறு விட்டு விலகினாள். சுநந்தையின் மடியில் வளர்ந்த அவனே சீவகன்.

அவள் அன்பில்லாதவளா? அன்பின் மிகுதியால் அன்றோ கைகளை விடுவித்தாள்! பற்று ‘இது என்னிடம் இருக்கவேண்டும்’ என்கிறது. அன்பு ‘இது நலமாக இருக்கவேண்டும்’ என்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே வழியில் செல்வதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. வழி பிரியும் இடத்தில்தான் எது எது என்று விளங்குகிறது. எல்லாத் தாய்மாருக்கும் விசயையின் சோதனை வருவதில்லை. ஆனால் மகளைக் கல்விக்காக வெளியூர் அனுப்பும் நாளிலும், மகன் தான் விரும்பிய தொழிலைத் தேர்ந்தெடுக்கும் நாளிலும், மருமகள் தன் வீட்டுக்குள் வரும் நாளிலும் ஒவ்வொரு தாயும் சிறிதளவேனும் கைகளைத் தளர்த்தவேண்டியிருக்கிறது. அதற்கான பயிற்சி கருக்காலத்திலேயே தொடங்குமாயின், பின்னர் வரும் பிரிவுகள் அவளை முறிக்கமாட்டா.

கருவில் வந்த உயிர் யாருடையது என்ற வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அது அதனுடையதே. பல பிறவிகளில் நடந்து களைத்த ஓர் உயிர், உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவதே இயல்பு என்னும் நெறியை நம்பி, இம்முறை நம் இல்லத்தின் கதவைத் தட்டியிருக்கிறது. ஆணாயினும் பெண்ணாயினும், கருப்பாயினும் சிவப்பாயினும், மனிதப் பிறவி என்னும் அரிய வாய்ப்போடு அது வந்திருக்கிறது. அதற்குத் தங்க இடமும் நல்லுணவும் நல்லொழுக்கமும் தந்து, தன் வழியில் செல்ல விடுவதே நம் கடன். அதனைச் சுமந்து வரும் பெண்ணும் தன் வினையோடும் தன் விருப்பங்களோடும் தன் முத்தி வழியோடும் வந்த மற்றோர் உயிர் என்பதை மறவாதிருத்தல் அக்கடனின் முதற்படி.

இன்றிரவு நம் இல்லங்களுள் ஏதேனும் ஒன்றில் உறக்கமின்றிப் படுத்திருக்கும் சகோதரிக்கு நாம் கூற விழைவது இதுவே: உம் எண்ணங்கள் சிறியவை அல்ல, அவை அனுப்பிரேட்சைகள். அஞ்சாதீர்; அன்பு செலுத்துவீர். அவளைச் சூழ்ந்துள்ள இல்லத்தாருக்கு நாம் கூறுவது அதனினும் சுருக்கமானது: அவளுக்கு முதலில் உணவிடுங்கள், அவளை எழுப்பாதீர்கள்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!